மீடியாவுக்குப் போகும் டிராம்: பிலடெல்பியாவின் மேற்குப் புறநகரில் எஞ்சிய இரண்டு தடங்கள்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகர எல்லையை மேற்கே தாண்டியதும் அப்பர் டார்பி வருகிறது. அங்கே 69ஆம் தெருவில் ஒரு பெரிய முனையம் இருக்கிறது. நகர மையத்திலிருந்து உயர்த்திய பாதையில் வரும் மெட்ரோ ரயில் அங்கே முடியும். புறநகர் டிராம்கள் அங்கிருந்து தொடங்கும். ஒரு காலத்தில் இங்கிருந்து நான்கு டிராம் தடங்கள் கிளம்பின: வெஸ்ட் செஸ்டர், ஆர்ட்மோர், ஷாரன் ஹில், மீடியா. கடைசியாகச் சொன்னது ஊரின் பெயர். டெலவேர் கவுண்டியின் நிர்வாகத் தலைமையிடம். வெஸ்ட் செஸ்டர் தடம் 1954இலும் ஆர்ட்மோர் தடம் 1966இலும் நின்றுபோயின. மற்ற இரண்டும் இன்றும் ஓடுகின்றன.

நான்கையும் நடத்தியது ஒரே நிறுவனம். பணிமனை, ஊழியர்கள், வண்டிகள் எல்லாம் பொதுவாகவே இருந்தன. அப்படியிருக்க இரண்டு பிழைத்து இரண்டு போனதற்கு நிர்வாகத் திறமையையோ பயணிகளின் பற்றையோ காரணமாகச் சொல்ல முடியாது. தண்டவாளம் யாருடைய நிலத்தில் கிடந்தது என்பதில்தான் விடை இருக்கிறது.

தொடக்கம் ஒரு சுங்கச் சாலையில். பிலடெல்பியாவையும் வெஸ்ட் செஸ்டரையும் இணைத்த சாலை, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தனியார் கம்பெனி ஒன்று சுங்கம் வசூலித்து நடத்திய சாலை. 1895இல் 'பிலடெல்பியா அண்ட் வெஸ்ட் செஸ்டர் டிராக்‌ஷன் கம்பெனி' உருவானது. அன்றைய முதலீட்டாளர்களுக்கு அந்தச் சாலையின் ஓரம் பெரிய வசதியாகத் தெரிந்தது. வயல்களை ஒவ்வொரு விவசாயியிடமும் பேரம் பேசி வாங்க வேண்டாம்; சாலைக் கம்பெனியோடு உடன்பாடு இருந்தால் 30 கிலோமீட்டர் அளவுக்குத் தடம் போட இடம் கிடைத்துவிடும். மேடு பள்ளம் சாலைக்கு ஏற்கெனவே சமன் செய்யப்பட்டிருந்ததால் மண் வேலையும் குறைவு. 1890களின் இறுதிக்குள் டிராம் வெஸ்ட் செஸ்டரை எட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்காக வழியில் காஸில் ராக் என்ற பொழுதுபோக்குப் பூங்காவையும் கம்பெனி அமைத்தது. வேலை நாட்களில் அலுவலகம் போவோரையும் விடுமுறையில் பூங்காவுக்குப் போவோரையும் ஏற்றினால்தான் மின்நிலையச் செலவுக்குக் கட்டுப்படியாகும் என்பது அக்காலத்து டிராம் கம்பெனிகள் எல்லாம் போட்ட கணக்கு.

1899 வாக்கில் கம்பெனி ஏ. மெரிட் டெய்லர் என்பவர் கைக்கு வந்தது. பின்னாளில் பிலடெல்பியா நகரத்தின் போக்குவரத்து ஆணையராக இருந்து, சுரங்க ரயில்களுக்கான பெரிய திட்டத்தை 1913இல் முன்வைத்தவரும் இவர்தான். நகரப் போக்குவரத்து எப்படி வளரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் தலைமையில் மூன்று கிளைகள் உருவாயின. 1902இல் லானெர்க் என்ற சந்திப்பிலிருந்து ஆர்ட்மோருக்கு ஒன்று. 1906இல் காலிங்டேலுக்கு மற்றொன்று. இது 1917இல் ஷாரன் ஹில் வரை நீண்டது. 1913 ஏப்ரலில் மீடியாவுக்கு மூன்றாவது.

இந்த வரிசையில் 1906 முக்கியமான திருப்பம். முதல் இரண்டு தடங்களும் 69ஆம் தெருவிலிருந்து லானெர்க் வரை பழைய சுங்கச் சாலையின் மேலேயே போயின. காலிங்டேல் தடமும், அதிலிருந்து பிரிந்த மீடியா தடமும் அப்படியல்ல. அவை காரட் சாலைக்குப் பக்கத்தில், ஆனால் சாலையில் சேராமல், கம்பெனி தானே வாங்கிய பட்டையான நிலத்தில் போடப்பட்டன. அப்போது அது செலவு அதிகமான வழி. நிலம் வாங்க வேண்டும், வேலி போட வேண்டும், ஓடைகளின் மேல் சொந்தமாகப் பாலம் கட்ட வேண்டும். ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்தச் செலவுதான் தடத்தைக் காப்பாற்றியது.

மறு ஆண்டே அந்த முதலீட்டுக்குப் பலன் கிடைத்தது. அதுவரை டிராம்கள் நகரின் 63ஆம் தெருவில் முடிந்தன. பயணிகள் அங்கே இறங்கி, நெரிசலான தெருக்களில் ஊர்ந்துபோகும் நகர டிராமில் மாற வேண்டும். 1907 மார்ச் மாதம் மார்க்கெட் தெருவின் உயர்த்திய ரயில் 69ஆம் தெருவுக்கு வந்தது. புறநகர் டிராம்களின் கடைசி நிறுத்தமும் அங்கே மாறியது. முனையத்தில் ஒரு கூரையின் கீழ் வண்டி மாறினால், எந்தக் குதிரை வண்டியும் காரும் குறுக்கே வராத பாதையில் நகர மையத்துக்குப் போய்விடலாம். டிராமும் தனிப்பாதை, ரயிலும் தனிப்பாதை. ட்ரெக்சல் ஹில் பகுதியின் பண்ணை நிலங்கள் வீட்டு மனைகளாக மாறியதற்கு இந்த இணைப்பே காரணம். 69ஆம் தெருவைச் சுற்றி ஜான் மெக்ளாட்சி என்பவர் கடைவீதியை எழுப்பினார். 1927இல் டவர் திரையரங்கு திறந்தது. அப்பர் டார்பியின் மக்கள்தொகை 1930க்குள் நாற்பதாயிரத்தைத் தாண்டியது.

தடத்தின் அமைப்பைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது அவசியம். பின்னால் வந்த சிக்கல்கள் பலவும் அதில்தான் இருக்கின்றன.

69ஆம் தெருவிலிருந்து ட்ரெக்சல் ஹில் சந்திப்பு வரை சுமார் 3 கிலோமீட்டர் இரு தடங்களுக்கும் பொதுவான இரட்டைப்பாதை. அங்கே மீடியா வண்டி மேற்கே போகும், ஷாரன் ஹில் வண்டி தெற்கே திரும்பும். மீடியா தடத்தின் மொத்த நீளம் சுமார் 13.7 கிலோமீட்டர், ஷாரன் ஹில் 8.5 கிலோமீட்டர். சந்திப்பில் மேம்பாலம் இல்லை, எல்லாம் ஒரே மட்டத்தில்தான். வலப்பக்கம் ஓடும் முறையில், நகரிலிருந்து வந்து இடப்புறம் ஷாரன் ஹில்லுக்குத் திரும்பும் வண்டி, மீடியாவிலிருந்து நகருக்கு வரும் தடத்தைக் குறுக்கே கடந்தாக வேண்டும். ஒரு வண்டி இரண்டு நிமிடம் தாமதமானால் அந்தத் தாமதம் சம்பந்தமே இல்லாத மற்றத் தடத்துக்கும் இங்கேதான் தொற்றிக்கொள்கிறது.

இரு தடங்களின் கடைக்கோடியும் ஒற்றைப்பாதை. ஒற்றைப்பாதையின் கணக்கு இரக்கமற்றது. உதாரணத்துக்கு, ஒரு ஒற்றைப்பாதைத் துண்டைக் கடக்க 6 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். போன வண்டி வெளியேறிய பிறகுதான் எதிர் வண்டி நுழையலாம். ஆக ஒரு திசையில் அடுத்தடுத்த இரு வண்டிகளுக்கு இடையே குறைந்தது 12 நிமிடம், அதோடு சிக்னலும் வண்டியைத் தடம் மாற்றிவிடும் அமைப்பும் இயங்கும் நேரம். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் அதைவிட அடிக்கடி வண்டி விட முடியாது. அதிக வண்டி வாங்கினாலும் பயனில்லை. ஒன்று வண்டியின் நீளத்தைக் கூட்ட வேண்டும், அல்லது இரண்டாவது தடம் போட வேண்டும்.

கடைசி நிறுத்தங்களில் வண்டி வளைந்து திரும்பச் சுற்றுப்பாதை கிடையாது. மீடியாவில் தடம் ஊரின் கடைவீதியான ஸ்டேட் தெருவின் நடுவே ஓடி, தெருவிலேயே முடிந்துவிடுகிறது. அதனால் இங்கே ஓடும் வண்டிகள் எல்லாம் இரு முனை வண்டிகள்: முன்னும் பின்னும் ஓட்டுநர் இருக்கை, இரு பக்கமும் கதவு. ஓட்டுநர் சாவியை எடுத்துக்கொண்டு மறுமுனைக்கு நடந்து போய் வண்டியைத் திரும்ப எடுப்பார். சுற்றுப்பாதைக்கு நிலம் வாங்கும் செலவு மிச்சம். ஆனால் இரண்டாவது கட்டுப்பாட்டுக் கருவிகளின் விலையும் கூடுதல் கதவுகளால் இழக்கும் இருக்கைகளும் ஒவ்வொரு வண்டியிலும் கணக்கில் ஏறும்.

இன்னொரு தனித்தன்மை தண்டவாள அகலம். உலகின் பெரும்பகுதி ரயில்கள் ஓடும் தரநிலை அகலம் 4 அடி 8½ அங்குலம். பிலடெல்பியா வட்டார டிராம்களுக்கோ ஐந்தடி இரண்டு அங்குலத்துக்கும் சற்று அதிகம். நம் அகல ரயில் பாதையான 5 அடி 6 அங்குலத்துக்கும் தரநிலைக்கும் இடைப்பட்ட அளவு. நீராவி ரயில் கம்பெனிகள் டிராம் தண்டவாளத்தில் சரக்கு வேகன்களை ஓட்டித் தெருக்களைச் சரக்குப் பாதையாக்கிவிடக் கூடாது என்ற அச்சமே இந்த அகலத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். ஊர் மக்களுக்கு நிம்மதி கிடைத்தது. கம்பெனிக்கு நிரந்தரச் சுமை வந்தது. வேறு ஊரில் மூடிய தடத்திலிருந்து மலிவாக வண்டி வாங்கி அப்படியே ஓட்ட முடியாது. வண்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டமான போகியையே மாற்ற வேண்டும்.

அந்தச் சுமையின் அளவு தெரிய வேண்டுமானால் அதே முனையத்தின் மறுபக்கத்தைப் பார்க்கலாம். அங்கிருந்து நோரிஸ்டவுனுக்குப் போகும் ரயில், மேலே கம்பி இல்லாமல் பக்கத்தில் போட்ட மூன்றாம் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுப்பது; அது தரநிலை அகலம். 1950களில் அதுவும் இதே கம்பெனியிடம் சேர்ந்தது. சிகாகோவுக்கும் மில்வாக்கிக்கும் இடையே ஓடிய நார்த் ஷோர் ரயில் 1963 ஜனவரியில் மூடப்பட்டபோது, அதன் புகழ்பெற்ற இரண்டு எலெக்ட்ரோலைனர் தொடர்களைக் கம்பெனி வாங்கி, மின்சாரம் எடுக்கும் பாகத்தை மாற்றி, 'லிபர்ட்டி லைனர்' என்ற பெயரில் நோரிஸ்டவுன் தடத்தில் ஓட்டியது. மீடியா தடத்துக்கு இப்படி ஒரு வாய்ப்பு வந்ததே இல்லை. ஒவ்வொரு வண்டியையும் இதற்கென்றே ஆர்டர் கொடுத்துக் கட்ட வேண்டியிருந்தது.

அதனால் வாங்கியவை குறைவு, ஓட்டியது நீண்ட காலம். 1932இல் பிரில் கம்பெனியிடமிருந்து 10 வண்டிகள். பிரில் தொழிற்சாலை பிலடெல்பியாவிலேயே இருந்தது. 1941இல் அதே கம்பெனியின் பிரில்லைனர் வகையில் 10 வண்டிகள். பிரில் தன் வரலாற்றில் கட்டிய கடைசி டிராம்கள் இவைதாம். 1949இல் செயின்ட் லூயி கார் கம்பெனியிடமிருந்து 14 வண்டிகள். பார்வைக்கு அக்காலத்து அமெரிக்கா முழுவதும் ஓடிய பிசிசி டிராம் போலவே இருக்கும். போகியும் மோட்டாரும் மட்டும் பழைய வகை. நிறுத்தங்களுக்கு இடையே தூரம் அதிகமுள்ள தனிப்பாதையில், தெரு டிராமுக்கான சிறு சக்கரமும் விரைவு முடுக்கமும் தேவையில்லை. வேகத்தில் ஆடாமல் ஓடும் கனமான போகிதான் வேண்டும். இது நல்ல பொறியியல் தீர்மானம் என்பதற்கு அந்த வண்டிகள் 1980களின் தொடக்கம் வரை ஓடியதே சாட்சி. 1932 வண்டிகளில் சில ஏறத்தாழ அரை நூற்றாண்டு சேவை செய்தன.

1936இல் கம்பெனி 'பிலடெல்பியா சபர்பன் டிரான்ஸ்போர்ட்டேஷன் கம்பெனி' ஆனது. மக்கள் அதை அறிந்தது ரெட் ஆரோ என்ற வணிகப் பெயரில். டெய்லர் குடும்பத்தின் கையிலேயே நிர்வாகம் தொடர்ந்தது. இவர்கள் டிராமின் மேல் கண்மூடித்தனமான பக்தி வைத்திருந்தவர்கள் அல்லர் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 1923இலேயே அரோனிமிங்க் என்ற துணைக் கம்பெனி வழியாகப் பேருந்துகளும் விட்டார்கள். எங்கே பேருந்து லாபமோ அங்கே பேருந்து, எங்கே டிராம் லாபமோ அங்கே டிராம் என்பதே அவர்கள் வழி.

இந்தப் பின்னணியில் 1954ஐப் பார்க்கலாம். போருக்குப் பின் கார்கள் பெருகின. மாநில நெடுஞ்சாலைத் துறை வெஸ்ட் செஸ்டர் சாலையை அகலப்படுத்தத் திட்டமிட்டது. அகலப்படுத்த இடம் வேண்டும். டிராம் தடம் கிடந்ததோ சாலையின் ஓரத்தில். தடத்தைத் தள்ளிப் போட்டால் புதிய நிலம், புதிய தண்டவாளம், புதிய மின்கம்பங்கள், எல்லாம் தனியார் கம்பெனியின் செலவில். அதுவும் லானெர்க்குக்கு அப்பால் பெரும்பாலும் ஒற்றைப்பாதையாக, மக்கள் குறைவான பகுதியில் ஓடிய தடத்துக்கு. பேருந்து வாங்கினாலோ, அரசு தன் செலவில் போடும் புதிய சாலையில் அதை ஓட்டலாம். கம்பெனி பேருந்தைத் தேர்ந்தது. 1954 ஜூனில் வெஸ்ட் செஸ்டர் டிராம் நின்றது. அரை நூற்றாண்டுக்கு முன் இலவசமாகக் கிடைத்தது போலத் தோன்றிய சாலை ஓரத்தின் முழு விலையும் அன்று தெரிந்தது.

ஆர்ட்மோர் தடத்தின் கதை இதைவிட வருத்தமானது. லானெர்க்குக்கு வடக்கே அது சொந்தப் பாதையில்தான் ஓடியது. ஆனால் 69ஆம் தெருவை எட்ட அந்தச் சுங்கச் சாலையை நம்பியே இருந்தது. வெஸ்ட் செஸ்டர் வண்டிகள் போன பிறகு, சாலை மேலிருந்த அந்தத் துண்டின் தண்டவாளம், மின்கம்பி, தண்டவாளத்தைச் சுற்றிய சாலைப் பரப்பு ஆகியவற்றின் பராமரிப்பு முழுவதும் ஒரே தடத்தின் தலையில் விழுந்தது. இரண்டு தடங்கள் பகிர்ந்த செலவை ஒன்று சுமக்க முடியவில்லை. 1966 டிசம்பர் இறுதியில் அதுவும் பேருந்தானது. தனிப்பாதையின் ஒரு பகுதியில் தண்டவாளத்தைப் பிடுங்கித் தார் போட்டு, பேருந்து மட்டும் போகும் சாலையாக மாற்றினார்கள். தனிப்பாதை பாதியளவு இருந்தால் போதாது, தொடக்கத்திலிருந்தே இருக்க வேண்டும் என்பதை இந்தத் தடம் காட்டுகிறது.

மீடியாவுக்கும் ஷாரன் ஹில்லுக்கும் நெருக்கடி ஏன் அந்த வடிவில் வரவில்லை? சில துண்டுகள் தவிர இரண்டும் எவருடைய சாலையிலும் இல்லை. ஸ்டேட் தெருவும், ஷாரன் ஹில் தடத்தில் ஆல்டன் பக்கம் ஒரு துண்டும்தான் தெருவோடு கலந்தவை. நெடுஞ்சாலைத் துறை தடத்தை நகர்த்தச் சொல்லக் காரணமே எழவில்லை. இரண்டாவது காரணம் நிலத்தின் அமைப்பு. மீடியா தடம் டார்பி ஓடை, கிரம் ஓடை ஆகியவற்றின் பள்ளத்தாக்குகளைத் தன் பாலங்களில் நேராகக் கடக்கிறது. அதே நிறுத்தங்களைத் தொட்டுப் போக அதற்கு இணையான நேர்ச்சாலை கிடையாது. பேருந்து விட்டால் சுற்றிப் போக வேண்டும், ஒவ்வொரு சிக்னலிலும் நிற்க வேண்டும். பயண நேரம் கூடினால் ஒரு நாளில் ஒரு வண்டி போய்வரும் நடைகள் குறையும். அதே சேவைக்கு அதிக வண்டியும் அதிக ஓட்டுநரும் தேவைப்படும். இங்கே கணக்கு டிராம் பக்கம் சாய்ந்தது.

1970 ஜனவரியில் மெரிட் டெய்லர் ஜூனியர் கம்பெனியின் போக்குவரத்தை செப்டா என்ற பொதுப் போக்குவரத்து ஆணையத்துக்கு விற்றார். விலை சுமார் 1.35 கோடி டாலர். செப்டா 1968இலேயே நகர டிராம்களையும் எடுத்திருந்தது. பொதுக் கைக்கு வந்ததும் வண்டி வாங்கும் பிரச்சினைக்கு வழி பிறந்தது: நகரத்துக்கும் புறநகருக்கும் சேர்த்து ஒரே ஆர்டர். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் கவாசாகி 141 வண்டிகள் கொடுத்தது. 112 நகரத்துக்கு, ஒரு முனை உடையவை. 29 மீடியா, ஷாரன் ஹில் தடங்களுக்கு, இரு முனை உடையவை. 29 வண்டிகள் மட்டும் தனியாகக் கேட்டிருந்தால் ஒவ்வொன்றின் விலையும் எங்கேயோ போயிருக்கும்.

இரண்டு வகைக்கும் கூரையில் ஒரு பெரிய வேறுபாடு. நகர வண்டிகள் மின்சாரத்தை இன்னும் பழைய கம்பு வழியாகவே எடுக்கின்றன. புறநகர் வண்டிகள் பேண்டோகிராஃப் வழியாக, அதாவது கம்பியை அடியிலிருந்து அகலமான பட்டையால் தொடும் மடக்குச் சட்டம் வழியாக. கம்பின் நுனியில் கார்பன் பதித்த சிறு பிடிப்பு மின்கம்பியைக் கவ்விச் செல்லும். வளைவிலோ கம்பிகள் பிரியும் இடத்திலோ வேகம் கூடினால் அது நழுவி மேலே எகிறும்; தொங்கு கம்பிகளில் மாட்டினால் அறுத்துக்கொண்டு போகும். அதைத் தடுக்க வண்டியின் பின்னால் சுருள்வில் பொருத்திய கயிற்றுச் சுருட்டி, கம்பைக் கீழே இழுத்துப் பிடிக்கும். இரு முனை வண்டியில் திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு கம்பை இறக்கி மறுகம்பை ஏற்ற வேண்டும். பேண்டோகிராஃப் இத்தனையையும் நீக்கிவிடுகிறது. ட்ரெக்சல் ஹில் சந்திப்பில் வண்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் அது வெறுமனே கம்பியின் அடியில் சறுக்கிப் போகும்.

ஆனால் வண்டியை மாற்றினால் கம்பியையும் மாற்றியாக வேண்டும். கம்புக்காகக் கட்டிய மின்கம்பி நேர்ப்பாதையில் தடத்தின் நடுவிலேயே ஓடும். பேண்டோகிராஃப் அதன் கீழே ஓடினால் கார்பன் பட்டையின் நடுவில் ஒரே இடம் தேய்ந்து பள்ளம் விழும். அதனால் கம்பியை இடமும் வலமும் சற்றே விலக்கி நெளிவாகக் கட்ட வேண்டும், தேய்மானம் பட்டை முழுக்கப் பரவும்படி. கம்பி பிரியும் இடங்களில் கீழ்நோக்கித் துருத்தியிருந்த உலோகப் பாகங்களையும் எடுத்துவிட வேண்டும். பேண்டோகிராஃப் அவற்றில் மோதினால் உடையும்.

அன்றாடம் வரும் தொல்லைகள் வேறு. மீடியா தடம் ஸ்மெட்லி பூங்காவின் மரங்களுக்கிடையே இறங்கி ஏறுகிறது. இலையுதிர் காலத்தில் விழும் இலைகளைச் சக்கரங்கள் நசுக்க, தண்டவாளத்தின் மேல் வழவழப்பான கறுத்த படலம் படியும். லேசான தூறல் சேர்ந்தால் பிடிப்பு போய்விடும். ஏற்றத்தில் சக்கரம் சுழலும், வண்டி நகராது. இறக்கத்தில் பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். சறுக்கிய இடம் தட்டையாகத் தேய்ந்து, பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் தண்டவாளத்தை அடிக்கும். தட்டை பெரிதானால் சக்கரத்தைக் கடைசல் போட்டு வட்டமாக்கும் வரை வண்டி ஓடாது. சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவும் பெட்டி இதற்காகத்தான். கனமழைக்கு இலைப் படலம் கழுவிப்போகும் என்பதால் தூறல் நாள்தான் மழை நாளைவிட ஆபத்தானது. சக்கரம் வழுக்கும் நாட்களில் ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைப்பார்கள். ஒற்றைப்பாதைக் கணக்கின்படி அந்தத் தாமதம் எதிர் வண்டிக்கும் போகும்.

குளிரில் உறைமழை பெய்தால் மின்கம்பியின் மேல் பனிப்படலம் படிந்து தொடர்பு அறுந்து நெருப்புப் பொறி பறக்கும். இரவு முழுக்க இடைவிடாமல் வண்டி ஓட்டிக் கம்பியைத் தேய்த்துக்கொண்டே இருப்பதுதான் இதற்குப் பழைய, இன்றும் பலிக்கும் வழி. ஏறத்தாழ 600 வோல்ட் நேர்மின்சாரம் என்பதால் துணைமின்நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூட அழுத்தம் குறையும். தடத்தின் கோடியில் இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் கிளம்பினால் இரண்டும் மந்தமாகும். திரும்பும் மின்சாரம் தண்டவாளம் வழியாக வருவதால், தண்டவாள இணைப்புகளில் உள்ள செம்புப் பிணைப்பு அறுந்தால் மின்சாரம் மண்ணுக்குள் கசிந்து பக்கத்து நீர்க்குழாய்களை அரிக்கும்.

கவாசாகி வண்டிகளுக்கு இப்போது நாற்பது வயது கடந்துவிட்டது. 2023இல் செப்டா அல்ஸ்டாம் நிறுவனத்திடம் 130 புதிய வண்டிகளுக்கு ஒப்பந்தம் போட்டது. மதிப்பு 71 கோடி டாலருக்கு மேல். 2025இல் தடங்களின் பெயரும் 101, 102 என்பதிலிருந்து டி1, டி2 என மாறியது. புதிய வண்டி தாழ்தளம் உடையது, நடுவில் மடங்கக்கூடியது, நீளம் சுமார் 80 அடி. இப்போது ஓடும் புறநகர் வண்டியோ 53 அடி. ஒற்றைப்பாதையில் அடிக்கடி வண்டி விட முடியாத தடத்துக்கு நீளமான வண்டி சரியான விடை.

வேலை மீதமிருப்பது நிறுத்தங்களில். உயரமான படிகளில் ஏறும் கவாசாகி வண்டிக்குத் தரையே போதும். அதில் சக்கர நாற்காலி ஏற முடியாது. தாழ்தள வண்டியில் நாற்காலி நேராக உருண்டு ஏற வேண்டுமானால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தளத்தை வண்டித் தரையின் மட்டத்துக்கு உயர்த்த வேண்டும், தளத்துக்கும் கதவுக்கும் இடைவெளி சில அங்குலங்களைத் தாண்டக் கூடாது, வண்டியின் எல்லாக் கதவுகளும் தளத்தில் அடங்க வேண்டும். தனிப்பாதையில் இதற்கு இடம் உண்டு. கடினமான இடம் மீடியாவின் ஸ்டேட் தெரு. அங்கே தடம் தெருவின் நடுவில். பயணி கார்கள் போகும் பரப்பில் இறங்கித்தான் ஏறுகிறார். தளம் அமைக்க வேண்டுமானால் நடைபாதையைத் தடம் வரை நீட்ட வேண்டும். நீட்டினால் கார் நிறுத்துமிடங்கள் போகும், மழைநீர் வடிகாலின் வாட்டமும் மாறும், இரு பக்கக் கடைகளின் வாசல் மட்டத்தோடும் அது பொருந்த வேண்டும். புதிய வண்டிகளின் முழுப் பயன் கிடைக்க இந்த வேலைகள் முடிந்தாக வேண்டும்.